மாமன் மடியும் மட்டுறுத்துநர் பதவியும்

"உம்பேரு இல்லன்னா இல்லதான். நானா அச்சடிச்சேன்? கத்தணும்னா விழுப்புரம் வந்து அவர்கிட்ட கத்து!"

"தாய்மாமன்னு போட்டு நடராசன் பேரு இருக்குது. அவன் இன்னா உங்கூடப் பொறந்தவனா? பெரிப்பா பையன். கூடப் பொறந்தவன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!"

"கூடப் பொறந்தவன் பண்ற வேலையா நீ பண்ணது? ஊரு ஒலகம் பாக்கற எடத்துல எம்புருசனத் தூக்கி வெளிய போட்ட. இப்ப அவரு உன்னத் தூக்கி வெளிய போட்டாரு. கணக்கு சரியாப் போச்சு."

"எத்தினி நாளைக்கு?" என்றான் பிரேம்குமார்.

"இன்னா எத்தினி நாளைக்கு?"

"நான் மாப்ளயத் தூக்கினது மூணு மாசத்துக்கு. எந்த விதியில தூக்கினேன்னு எழுதியிருக்கேன். காரணம் எழுதியிருக்கேன். அவரு என்னத் தூக்கினதுக்குக் காரணம் எங்க? கெடு எங்க?"

தமிழ்ச்செல்வி கையிலிருந்த காதுகுத்துப் பத்திரிகையை டிவி மேல் வீசினாள். "அம்மா! இவன எதனா ஒரு டாக்டர்கிட்ட காட்டும்மா!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கரண்டு இல்லை. 2012-இல் திண்டிவனத்தில் பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. அதில் ஒரு நன்மையும் உண்டு. மிக்சி, மோட்டார், டிவி எல்லாம் அடங்கிவிடுவதால் எதிர்வீட்டுப் பேச்சு நம் வீட்டுக்குள் பேசுவதுபோலக் கேட்கும். கேட்கவேண்டும் என்று நான் நிற்கவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை ஆய வாசலில்தான் வெளிச்சம்.

விஷயம் என்னவென்றால், தமிழ்ச்செல்வியின் மகள் அஸ்வினிக்கு மூன்று வயது. மயிலம் முருகன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வளர்பிறை முகூர்த்தம் பார்த்தாயிற்று. காது குத்தும்போது குழந்தை உட்காரவேண்டியது தாய்மாமன் மடியில். தோடு போடவேண்டியது தாய்மாமன். அந்தத் தாய்மாமன் பெயரைத்தான் குழந்தையின் அப்பா சித்தார்த்தன் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட்டு, வளவனூரில் கரும்பு லாரிக்கு மேஸ்திரியாக இருக்கும் நடராசனின் பெயரைப் போட்டுவிட்டார். சொந்த அண்ணன் உயிரோடு இருக்கையில் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தால் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி.

பிரேம்குமாருக்கு நிலக்கடலை மண்டியில் வேலை. எங்கள் பக்கம் மல்லாட்டை மண்டி என்போம். மூட்டை எடை போட்டுக் கணக்கெழுதுவது. மண்டி முதலாளி அவனை "ஏம்பா" என்பார். மூட்டை தூக்குகிறவர்கள் அவன் சொன்ன இடத்துக்கு எதிர்ப்பக்கம் மூட்டையைப் போடுவார்கள். வீட்டில் அம்மா காசியம்மாள் பேச ஆரம்பித்தால் அவனுடைய முறை வருவதற்குள் சோறு ஆறிவிடும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவன் சொல்வதுதான் சட்டம். கம்ப்யூட்டருக்குள்.

கேசட் காலம் போய் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கும் காலம் வந்ததும், அதை எப்படி ஒழுங்காகக் கேட்பது என்று பேசுவதற்கென்றே சில ஆம்பிளைகள் இன்டர்நெட்டில் கூடினார்கள். துபாயில் ஒருத்தர், சிங்கப்பூரில் ஒருத்தர், காரைக்காலில் ஒரு வாத்தியார், இப்படி. குழுவுக்குப் பெயர் 'கணினிச் செவி'. எந்தப் பெட்டி வாங்கலாம், எந்த வயர் போடலாம், பாட்டை எந்த மாதிரிக் கோப்பாக வைத்தால் வயலின் வயலின் மாதிரியே இருக்கும், இதுதான் பேச்சு. பேச்சு என்றால் சண்டை. அந்தச் சண்டையை அடக்கி, கெட்ட வார்த்தையை அழித்து, மிஞ்சிப் போகிறவர்களை வெளியே நிறுத்திவைப்பது பிரேம்குமாரின் உத்தியோகம். அதற்கு மட்டுறுத்துநர் என்று பெயராம்.

"சம்பளம் எவ்ளோடா?" என்று காசியம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"சம்பளம் எல்லாம் இல்லம்மா."

"அப்ப கோயில் தர்மகர்த்தா மாதிரின்னு சொல்லு."

"அப்படித்தான்."

"அவங்களுக்காவது பொங்கல் குடுப்பாங்க."

காலையில் மண்டிக்குப் போகுமுன் ராத்திரி துபாய்க்காரர்கள் போட்ட சண்டையைப் பிரிப்பான். சாயங்காலம் வந்ததும் பகலில் சென்னைக்காரர்கள் போட்ட சண்டையைப் பிரிப்பான். வயர் பற்றிய சண்டை மட்டும் தீராது என்று கண்டு, 'வயர் வழக்குகள்' என்று தனியாக ஒரு பகுதியே திறந்து, அடித்துக்கொள்கிறவர்கள் அங்கே போய் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். நம் தெருக் குழாயடிக்கும் அப்படி ஒன்று செய்திருக்கலாம். அவன் எழுதிய விதிகளில் முதல் விதி: 'ஆதாரம் இல்லாமல் இனிமை பேசக் கூடாது.' அதாவது, இது அதைவிட நன்றாகப் பாடுகிறது என்று யாராவது சொன்னால், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எது எது என்று கண்டுபிடித்துக் காட்டவேண்டும்.

அவன் பாட்டு கேட்கும் அறை முன்பு நெல் கொட்டி வைத்த அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பான். சத்தம் முட்டி மோதாமல் இருக்கவாம். அட்டைகளைத் தெருத்தெருவாக வாங்கிச் சேர்த்தது அவன் மனைவி பரிமளா. நானும் கொஞ்சம் கொடுத்தேன். ரெண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி. சில நாள் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். ஸ்பீக்கரோடும் சண்டையோ என்று நான் நினைத்ததுண்டு.

சித்தார்த்தனுக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார். மச்சான் ராஜாவாக இருக்கும் சபையில் தானும் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தார். பிரேம்குமாரும் 'நம் வீட்டு மாப்பிள்ளை' என்று எழுதி வரவேற்றான். சேர்ந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். அவரிடம் ரெண்டு பென்டிரைவ். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஒரே பாட்டைத்தான் ரெண்டிலும் ஏற்றியிருக்கிறார். ஆனாலும் சிவப்பில் கேட்டால் தபலா குழைகிறதாம். கறுப்பில் விறைத்துக்கொள்கிறதாம்.

பிரேம்குமார் எழுதினான்: கோப்பு ஒன்றேதான், ஒலி மாற வாய்ப்பில்லை. மாறுகிறது என்றால் விதிப்படி கண்ணைக் கட்டிக் காட்டவும்.

மாப்பிள்ளை எழுதினார்: என் காதுக்கு நானே ஆதாரம்.

பிரேம்குமார் எழுதினான்: முதல் எச்சரிக்கை.

பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எச்சரிக்கை! மாமியார் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட எழுந்து போகிற மனுஷன் அவர். கோபத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் எழுதிவிட்டார்: 'இங்கே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கும் என் மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ரெண்டு ஸ்பீக்கருக்கு நியாயம் சொல்கிறார். எல்லாரும் நம்புகிறீர்கள்.'

பிரேம்குமார் மூன்று மாதத் தடை போட்டான். அவர்கள் பாஷையில் அதற்கு 'பான்'. காரணம், தனிநபர் தாக்குதல்.

அந்தக் காது விஷயம் எனக்கே தெரியாது. எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருக்கும் எனக்கே தெரியாதென்றால், அவன் எவ்வளவு பத்திரமாக அதை வைத்திருந்தான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பனமலைப் பக்கம் அவர்கள் ஊரில், பையனாக இருந்தபோது கிணற்றில் தலைகுப்புறக் குதித்ததில் போனதாம். அதிலிருந்து பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல்தான் பிடிப்பான். பந்தியில் இடது ஓரத்து இலையில்தான் உட்காருவான். மனுஷர்கள் எல்லாரும் வலது பக்கமே இருக்கும்படி ஒரு வாழ்க்கை.

அன்றைக்குத் தமிழ்ச்செல்வி சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். உறைக்குத் தயிர் வேண்டும் என்று கிண்ணத்தோடு நான் போனேன். உள்ளே கேப்பைக்கூழும் மல்லாட்டைத் துவையலும் வைத்து விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"மாப்ளன்னு உட்டுட்டா நாளைக்குத் துபாய்க்காரர் இன்னா கேப்பாரு?" என்றான் பிரேம்குமார். "உன் வீட்டாளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமான்னு கேப்பாரு. போன மாசம்தான் அவர ஒரு வாரம் நிறுத்தி வச்சேன்."

"இன்னாத்துக்கு?" என்றாள் காசியம்மாள்.

"வயர் விஷயமா ஒருத்தரக் கழுதன்னு எழுதிட்டாரு."

காசியம்மாள் என்னைப் பார்த்தாள். "ஏண்டி கெங்கா, கொழாத் தண்ணிக்கு அடிச்சிக்கறாங்க, வரப்புக்கு அடிச்சிக்கறாங்க. வயருக்கு அடிச்சிக்குவாங்களா?"

"படிச்சவங்க அடிச்சிக்குவாங்க போலக்குது பெரியம்மா" என்றேன்.

"அந்தத் துபாய்க்காரரா வந்து எம்பேத்திக்குத் தோடு போடப் போறாரு? இவன் பான் போடறானாம், பான். மாப்ளைக்கு எவனாவது பான் போடுவானா? பலகாரம் போடுவான், மோதிரம் போடுவான்."

"தோடு வாங்கி பீரோவுல வச்சாச்சு அத்த" என்றாள் பரிமளா. "பட்டுப் பாவாட தைக்கக் குடுத்தாச்சு. இப்ப அத நடராசன் கையிலதான் குடுக்கணும். இவரு பான் போட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். ஒரு கையில டீ டம்ளர். ஒரு வாய் குடிச்சாரு, டப்புன்னு ஒண்ண அமுக்கினாரு, மறுபடி குடிச்சாரு. தாய்மாமன் உறவு போற சத்தம் அவ்ளோதான்னு எனக்கு அப்பத் தெரியாமப் போச்சு."

"அப்ப அவரு எழுதினது சரியா?" என்றான் பிரேம்குமார்.

கரண்டு வந்திருந்தால் யாராவது மிக்சியைப் போட்டிருப்பார்கள்.

"அவரு எழுதினது தப்புதான்" என்றாள் பரிமளா கடைசியில். "யாரு இல்லன்னா? நீங்க அத அழிச்சிட்டு, கம்முனு இருந்திருக்கலாம்."

"அழிக்கக் கூடாது. தடைக்கு ஆதாரம் இருக்கணும். விதி. அது அங்கயே இருக்குது. வர்றவன் போறவன் எல்லாம் படிக்கறான். காரைக்கால் வாத்தியார், 'அப்ப நீங்க போன வருஷம் ஸ்பீக்கர் பத்தி எழுதினத நம்பி நான் வாங்கினனே'ன்னு கேக்கறாரு." அவன் கூழைத் தொடவில்லை. "நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் வலது காதுக்குக் காட்டி, ரெண்டு தபா கேட்டுதான் எழுதினேன். எவனும் ரெண்டு தபா கேக்கல, நான்தான் கேட்டேன்."

காசியம்மாள் துவையலை அவன் பக்கம் தள்ளினாள். "நான் பூண்டு எண்ண காச்சி ஊத்தினேன். சரியாப் போச்சும்மான்னு சொன்னான். பையன் பொய் சொல்றான்னு தெரியல" என்று என்னிடம் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை.

தயிர் வாங்கிக்கொள்ள மறந்து வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பூமாலையிடம் மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் விழுப்புரம் பாசஞ்சரில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கையில் மிக்சர் பொட்டலம். தேவசகாயம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கணினிச் செவியில் பிரேம்குமாருக்கு அடுத்தபடி அவர்தான். தமிழ்ச்செல்வி அவர் வீட்டுக்கே போய் அழுதிருக்கிறாள். கரண்டு இல்லாததால் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். எனக்கு அன்றைக்கும் கீரை இருந்தது.

பெரியவர் வந்ததும் வராததுமாக இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரேம்குமார் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் கொண்டுவரப் போவதுபோலப் போய், திரும்பி வந்து வேறு நாற்காலியில் உட்காருவான். அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தான்.

"ஐயா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றான். "அந்தப் பக்கம் காது கேக்காது."

அவன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து போட்டார்.

"தம்பி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தடை சரி. போட்ட ஆளுதான் தப்பு."

"எப்படிங்கய்யா?"

"அடிபட்டவரும் நீங்க. தீர்ப்பு சொன்னவரும் நீங்க. போதாததுக்கு மாப்பிள்ளை வேற. சொந்த மாப்பிள்ளை கேசை நீங்க எடுத்திருக்கவே கூடாது. ரயில்ல என் பொண்டாட்டி டிக்கெட் இல்லாம வந்தா நான் அபராதம் போட மாட்டேன். டிக்கெட் பரிசோதகரக் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டீங்களா?"

"ஒருதரம் கூப்பிட்டேன். மூணு நாள் ஓட்டல்ல சாப்பிட்டேன். அது கெடக்கட்டும். இப்ப நீங்களே தடைய எடுத்தா சொந்தத்துக்காக எடுத்தேன்னு பேரு. எடுக்கலன்னா கொழந்த அடுத்தவன் மடியில உக்காரும்."

"அதாங்கய்யா ராத்திரி பகலா மண்டையக் கொடையுது."

"பதவிய விட்டு விலகிடுங்க. கேசை நான் எடுத்துக்கறேன். என்ன வந்தாலும் அது என் தீர்ப்பு."

பிரேம்குமார் தெருவைப் பார்த்தான். தெருவில் நான் இருந்தேன். கீரையைப் பார்த்தேன்.

"அது ஒண்ணுதாங்கய்யா எனக்கு இருக்குது" என்றான். "மண்டியில ஏம்பாதான். அங்கதான் ஐயா."

"தெரியும் தம்பி. நானும் உங்கள அங்க ஐயான்னுதான் எழுதறேன்."

பெரியவர் டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். அதன்பிறகு பிரேம்குமார் மண்டிக்குப் போனான், வந்தான், முட்டை அட்டை அறையில் உட்கார்ந்தான். பாட்டு போடவில்லை. பரிமளா பட்டுப் பாவாடையை டெய்லரிடமிருந்து வாங்கி வந்து அவன் கண்ணில் படும்படி கொடியில் தொங்கவிட்டாள். மடித்து வைக்கவேண்டிய பாவாடை. கெட்டிக்காரி.

ஒருநாள் சாயங்காலம் கரண்டு வந்ததும் உட்கார்ந்து எழுதிவிட்டான். தடை போட்ட வழக்கில் தானே சம்பந்தப்பட்டிருப்பதால் பதவியிலிருந்து விலகுகிறேன். சித்தார்த்தன் எழுதியது முறையில்லை, ஆனால் உண்மை. எனக்கு இடது காது கேட்காது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் இத்தனை வருஷம் கேட்டேன். என் பேச்சை நம்பி ஸ்பீக்கர் வாங்கியவர்கள் மன்னிக்கவும். அவ்வளவுதான். எழுதிவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

திரும்பி வந்து பார்த்தால் பதில் குவிந்து கிடந்ததாம். பரிமளா எனக்குப் படித்துக் காட்டினாள். துபாய்க்காரருக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை பார்த்துப் பார்த்து எந்நேரமும் காதுக்குள் விசில் அடிக்குமாம். சிங்கப்பூர்க்காரருக்கு வயசாகி, உச்ச ஸ்தாயி வந்தால் பாடுகிறவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியுமாம். காரைக்கால் வாத்தியாருக்குப் பிள்ளைகள் போடும் இரைச்சலில் ரெண்டு காதும் அரைக்காதாகிவிட்டதாம். ஒருத்தர் காது மெஷின் வைத்திருக்கிறார், வாலிபர். மூன்று வருஷமாக வயர் வித்தியாசம் தெரிகிறது என்று அடித்துக்கொண்டவர்களில் முழுக்காது உள்ளவர் யாராவது உண்டா என்பதே சந்தேகமாகப் போய்விட்டது.

தேவசகாயம் பதவியேற்று வழக்கை எடுத்தார். விசாரித்தார். தடை சரி என்று உறுதி செய்தார். அதோடு விட்டாரா? மேலும் மூன்று மாதம் கூட்டினார்.

அதற்குப் பிறகுதான், ஒரு வியாழக்கிழமை, சித்தார்த்தனின் பைக் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் தமிழ்ச்செல்வி, மடியில் துண்டு போட்டு மூடிய தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை. நான் தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"வாங்க மாப்ள, வாங்க" என்று காசியம்மாள் பாய் விரித்தாள்.

"இருக்கட்டும் அத்த." நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

பிரேம்குமார் லுங்கியோடு வந்து, பார்த்து, உள்ளே போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். "வாங்க மாப்ள."

"ம்."

கரண்டு இல்லை. எல்லாரும் விசிறி தேடினார்கள். விசிறிக்கொண்டே மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"பதவிய உட்டுட்டியாமே மச்சான்."

"உட்டுட்டேன்."

"தமிழு படிச்சிக் காட்டினா." இன்னும் கொஞ்சம் விசிறினார். "காதப் பத்தி நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதி அமுக்கின ஒடனே எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சரி, அழிச்சிடலாம்னு போறேன், அதுக்குள்ள நீ பான் பண்ணிட்ட. உள்ள போனாத்தான மச்சான் அழிக்க முடியும்?"

பிரேம்குமார் விசிறியைக் கீழே வைத்தான். "ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"நீ பான் பண்ணதுக்கு நான் போன் பண்றதா?"

"அதானே" என்றாள் காசியம்மாள். மாப்பிள்ளை என்ன சொன்னாலும் அவளுக்கு அதானே.

"சரி, இப்ப நீ இல்ல. என்ன உள்ள சேத்துக்குவாங்களா?"

"மேல மூணு மாசம் போட்டுட்டாரு ஐயா."

"மேலயா? இன்னாத்துக்கு?"

"நாலு பொய்ப் பேருல உள்ள வந்து உங்கள நீங்களே பாராட்டிக்கினீங்களாம்."

சித்தார்த்தன் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். "அது எப்படிக் கண்டுபுடிச்சாரு பெருசு?"

"நாலு பேருமே செவப்பு பென்டிரைவுல தபலா கொழையுதுன்னாங்க."

"கொழையுதே மச்சான்!"

"கொழையாது மாப்ள."

"சரி, அத உடு. அதுக்கு இப்படியா? வயசான மனுசன், வளந்த ஆளு ஒருத்தன ஆறு மாசம் வெளிய நிக்க வப்பாரா?"

"அதத்தான் நானும் நெனச்சேன் மாப்ள. சட்டம் சட்டம்னா எப்படி? ஒரு மனுசத்தனம் வேணாமா?"

இதைச் சொன்னது பிரேம்குமார். காசியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பரிமளா சிரிப்பை அடக்க உள்ளே போய் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். ரெண்டு பேரும் அரைமணி நேரம் அந்தப் பெரியவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டி முடிந்ததும் மாப்பிள்ளை தாம்பாளத்தை எடுத்து நீட்டினார்.

"நீதான் வந்து உக்காரணும்."

"நடராசன்?"

"அவன நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை. மயிலத்து மலைமேல் நாங்கள் போய் இறங்கினால், புது ஜரிகை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஏற்கெனவே மாலையோடு மணையில் உட்கார்ந்திருக்கிறான் நடராசன்.

"பத்திரிகையில எம்பேரு போட்டிருக்குது" என்றான். "வளவனூர் பூரா குடுத்துட்டேன். ஆலையில லீவு போட்டுக்கினு வந்திருக்கேன். எழுந்துருன்னா? நான் இன்னா பஸ்சுல துண்டு போட்டு எடம் புடிச்சவனா?"

பிரேம்குமார் தோட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய அஸ்வினி, வாழைப்பழம் தின்றுகொண்டு, பெரியவர்கள் கத்துவதை வேடிக்கை பார்த்தது. காது குத்த வந்த பத்தர் கம்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஜல்தியா முடிங்கய்யா. அங்க இன்னும் ரெண்டு கொழந்த காத்துக்கினு இருக்குது."

"நீ மணைய உட்டு எழுந்துரு" என்றாள் தமிழ்ச்செல்வி.

"உம்புருசன் கால்ல விழாத கொறையா வந்து கூப்டுவாரு, இப்ப நீ எழுந்துருன்னுவ."

அப்போதுதான் கூட்டத்திலிருந்து தேவசகாயம் முன்னால் வந்தார். பத்திரிகை வைத்த தோஷத்துக்கு வந்திருந்தார். கையை உயர்த்தினார். ரயிலே நின்றிருக்கும்.

"ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்குது. காது ரெண்டு. மாமன் ரெண்டு. வலது காது சொந்த மாமன் மடியில. இடது காது பத்திரிகை மாமன் மடியில."

இதில் குற்றம் சொல்ல யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. நடராசன் முனகிக்கொண்டே எழுந்தான். பிரேம்குமார் உட்கார்ந்தான். தமிழ்ச்செல்வி குழந்தையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்காமல் அண்ணன் முழங்காலில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பத்தர் கம்பியைச் செருகினார். அஸ்வினி போட்ட சத்தம் மயிலம் பஸ் நிறுத்தம் வரை கேட்டிருக்கும். பிரேம்குமார் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணிலும் தண்ணி.

"சரி, அடுத்த மாமன்" என்றார் தேவசகாயம்.

குழந்தை வந்தால்தானே! பிரேம்குமாரின் சட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. நடராசன் இழுத்தான். பொத்தான் தெறித்தது. மறுபடி இழுத்தான். குழந்தை உதைத்த உதையில் அவன் திருநீறு பாதி அழிந்தது. சித்தார்த்தன் ஒரு பென்டிரைவை ஆட்டி விளையாட்டுக் காட்டினார். சிவப்பு. குழந்தை அதைத் தட்டிவிட்டது.

"யோவ், யாரு மடியாவது ஒரு மடி!" என்றார் பத்தர்.

கடைசியில் அஸ்வினி பிரேம்குமாரின் மடியிலேயே இருந்தது. நடராசன் எதிரில் மண்டி போட்டு ரெண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பத்திரிகையில் பெயர் போட்ட தாய்மாமனுக்குக் கிடைத்தது கால். இடது காது குத்திய அந்த நொடியில் குழந்தை பயத்தில் மூத்திரம் போய்விட்டது. பிரேம்குமாரின் வேட்டியில் ஒரு சொட்டில்லை. எல்லாம் ஜரிகை வேட்டியில். கூட்டத்தில் ஒரு பெண் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. யாரென்று விசாரித்தேன். சித்தார்த்தனின் சித்தப்பா மகள் பொன்னி.

மலைக்குக் கீழே சத்திரத்தில் சாப்பாடு. சித்தார்த்தன் தேவசகாயத்தின் இலைக்குத் தன் கையாலேயே வடை வைத்தார், பாயசம் ஊற்றினார், மறுபடி ஊற்றினார்.

"ஐயா, அந்த ஆறு மாசம்..."

பெரியவர் பாயசத்தை வழித்துக் குடித்தார். "ஏலக்கா தூக்கலா இருக்குது தம்பி. பிரமாதம். தடை அப்படியேதான் இருக்கும்."

அடுத்த தையில் நடராசனுக்கும் பொன்னிக்கும் கல்யாணம். கல்யாணத்துக்கும் அந்த ஜரிகை வேட்டியைத்தான் கட்டுவான் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம், கட்டவில்லை. வளவனூரில்தான் இருக்கிறார்கள், ரெண்டு பிள்ளைகள். தேவசகாயம் ஒரு வருஷம் பதவியில் இருந்துவிட்டு, மகளோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். பிரேம்குமாரைத் திரும்ப வரச்சொல்லி எல்லாரும் எழுதினார்கள். இவன் போகவில்லை. அவனுக்குப் பதில் பரிமளா அந்தப் பதவியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வயருக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நாலு வீட்டுக் குழாய்ச் சண்டையைப் பார்த்தவள். அவள் இருந்தவரை ஒருத்தர் மேலும் தடை விழவில்லை. எல்லாரும் செல்போனுக்கு மாறிய பிறகு அந்தக் குழுவே ஓய்ந்துபோனது.

சித்தார்த்தனின் ஆறு மாதம் முடிந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். அவர் உள்ளே போகவில்லை. "போய் யார்கிட்ட சண்ட போடறது? அவன்தான் அங்க இல்லியே" என்றாராம். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெண்டு பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிடுவார். முட்டை அட்டை அறையில் ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கொள்ள, இன்னொருத்தர் பாட்டு போட, மத்தியானம் வரை கத்துவார்கள். அட்டை ஒட்டியும் சத்தம் வெளியே வரும். எனக்கு அது நல்ல காலம்.

பிறகு கடை சரியாக ஓடாமல் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அஸ்வினி அங்கே பள்ளிக்கூடம் போகிறது. இப்போது சண்டை போனில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேம்குமார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வலது காதில் போனை வைத்துக்கொண்டு, "கொழையாது மாப்ள, சத்தியமாக் கொழையாது" என்று கத்துவான். அந்தப் பக்கம் மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று மட்டும் எனக்குக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஒருநாள் கேட்டே விடலாமா என்று இருக்கிறேன்.